இரண்டாம் நாள் பேச்சு

1

இதை வாசிக்கும் உங்களை நான் சாட்சியாக அழைக்கிறேன். நடுவராக அல்ல. அந்த இருக்கை ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. கோயம்புத்தூர் கணபதியில், எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, மடியில் முறம் வைத்துச் சின்ன வெங்காயம் உரித்தபடி என் அம்மா அதில் அமர்ந்திருக்கிறார். அவர் தந்த தீர்ப்பை எதிர்த்து எங்கள் வீட்டில் எவரும் மேல்முறையீடு செய்ததில்லை.

உங்களிடம் நான் வேண்டுவது தீர்ப்பு அன்று. சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு வாக்குறுதி அளித்தேன். வாய்விட்டு, உரக்க, நான்கு பேர் கேட்க அளித்தேன். அவர்களில் மூவர் என் குடும்பத்தார். நான் தவறினால் என்மேலுள்ள அன்பினால் மறந்ததுபோல் நடித்துவிடக் கூடியவர்கள். நான்காமவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவேதான் நீங்கள் வேண்டும்.

நான் மேடைப் பேச்சில் வளர்ந்தவன். கோவையில் எந்தக் கல்லூரி பேச்சுப் போட்டி நடத்தினாலும் அங்கே என் குரல் கேட்டிருக்கும். தலைப்பைக் கொடுத்து ஐந்து நிமிடம் அவகாசமும் கொடுத்தால், எந்தப் பக்கமும் பேசுவேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. இப்போது தெற்கு ஜெர்மனியில் ஒரு தொழில்நகரத்தில், தண்ணீர்ப் பம்புகளுக்கு வரைபடம் வரைகிறேன். இங்கே எனக்கு மேடையும் இல்லை, தலைப்பும் இல்லை. அவற்றை விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. என்னை எதிர்த்துப் பேச ஆள் இல்லை.

2

எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது கல்லூரி என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை. அது எட்டு மணிச் செய்தி.

என் அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்புகளுக்கான தண்டுகளைக் கடைந்து கொடுப்பது அவர் தொழில். மாலையில் கைகழுவி, எண்ணெய்க்கறை போகாத விரல்களோடு தொலைக்காட்சி முன் அமர்வார். செய்தி முடிந்ததும் ஒலியைக் குறைப்பார். அதுதான் மணி அடித்ததற்கு அடையாளம். அன்றைய செய்தியிலிருந்து ஒன்றை எடுத்து நான் ஒரு பக்கம் பேசவேண்டும், அவர் மறுபக்கம் பேசுவார்.

அவிநாசி சாலை மேம்பாலம் பற்றி நான் அடுக்குமொழியில் முழங்கிய மாலை எனக்கு நினைவிருக்கிறது. வேகம், வளர்ச்சி, வருங்காலம் என்று மூன்றையும் வரிசையாக நிறுத்தினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பாலம் கட்டுனா வண்டி ஓடுமுடா, நான் இல்லைங்கல. கீழ கடை வெச்சிருக்கறவன் எங்கீடா ஓடுவான்?"

மலையடிவாரத் தோட்டத்துக்குள் யானை புகுந்த செய்தி வந்த நாளில் நான் விவசாயியின் பக்கம். அப்பா யானையின் பக்கம்.

"யானைக்கு ஓட்டு இருந்திருந்தா நீயும் இந்நேரம் அது பக்கந்தாண்டா நின்னு பேசீருப்ப."

அடுக்குமொழிக்கு அவரிடம் மதிப்பில்லை. நான் மூன்று வாக்கியத்தில் கட்டிய கோபுரத்தை அவர் ஒரு கேள்வியால் தட்டுவார். "போடா இவனே!" என்பது அவருடைய முடிவுரை.

தீர்ப்பை அம்மா வாயால் சொல்வதில்லை. மறுநாள் காலைச் சாப்பாட்டில் அது தெரியும். நான் வென்றிருந்தால் எனக்குப் பிடித்த சந்தகை, எங்கள் பக்கத்து இடியாப்பம். அப்பா வென்றிருந்தால் அவருக்குப் பிடித்த ராகிக் களி, கூடவே கொள்ளு ரசம். இதில் அம்மா வகுத்த நீதி ஒன்று இருக்கிறது. சந்தகைக்கு, ஆவியில் வெந்த மாவைச் சூடு ஆறுவதற்குள் அச்சில் இட்டுப் பிழிய வேண்டும். எங்களுடையது அப்பாவே பட்டறையில் செய்த மூன்றுகால் இரும்பு அச்சு. ஒருவர் காலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் மேலே கைப்பிடியைத் திருக வேண்டும். திருகுகிறவர் தோற்றவர். அதேபோல் களி வேகும்போது துடுப்பால் கிண்டுகிறவரும் தோற்றவரே. வென்றவருக்கு வயிறு நிறையும், தோற்றவருக்குத் தோள் வலிக்கும்.

இன்னொரு விதியும் உண்டு, அது அப்பாவினுடையது. ஒரு தலைப்பு இரண்டு நாள் நடக்கும். இரண்டாம் நாள் பக்கம் மாற வேண்டும். நேற்று நான் பேசியதை இன்று அவர் பேசுவார், அவர் பேசியதை நான் பேசுவேன். ஏன் என்று சிறுவயதில் கேட்டதற்கு, "தண்டை ஒரு முனை கடைஞ்சுபோட்டு அப்படியே கொண்டுபோய்க் குடுக்க முடியுமா? திருப்பிப் புடிச்சு மறு முனையும் கடையோணுமல்ல?" என்றார். இரண்டு நாளும் முடிந்த பிறகுதான் அந்தத் தலைப்பு எங்கள் வீட்டில் முடிந்ததாகும்.

3

ஒரே ஒரு தலைப்புக்கு இரண்டாம் நாள் நடக்கவில்லை.

ஜெர்மனியில் வேலை கிடைத்து, பயணச்சீட்டும் கையில் வந்த பிறகு, புறப்படுவதற்கு முந்திய மாலை அப்பா செய்தியின் ஒலியைக் குறைத்தார். "இன்னைக்குத் தலைப்பு செய்தில இல்லடா, ஊட்டுல இருக்குது" என்றார். நான் போவது சரியா என்பதே தலைப்பு. நான் சரி என்று பேசினேன். என் வாழ்நாளில் நான் அதைவிடச் சிறப்பாகப் பேசியதில்லை. அப்பாவின் கேள்விகளை அவர் கேட்பதற்கு முன்பே எடுத்துவைத்து விடை சொன்னேன். அவர் கொஞ்சம்தான் பேசினார். கடைசியில் "போடா இவனே" சொல்லவில்லை.

மறுநாள் காலை சந்தகை. தேங்காய்ப்பாலும் வெல்லமும் தனியாக, எலுமிச்சை பிழிந்து தாளித்தது தனியாக. நான் அச்சின் காலைப் பிடித்துக்கொண்டேன். அப்பா கைப்பிடியைத் திருகினார். வெள்ளை இழைகள் தட்டில் வட்டமாக விழுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் பேச்சு நடக்கவேண்டிய மாலையில் நான் விமானத்தில் இருந்தேன்.

ஆட்டம் நேர்மையாக நடந்தது, தீர்ப்பும் நேர்மையானது. அதில் எனக்குக் குறையில்லை. அதன் பிறகு நேர்ந்ததுதான் குறை.

4

அப்பா என்னிடம் மரியாதையாகப் பேசத் தொடங்கிவிட்டார்.

எங்கள் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரிந்ததே. பால்காரரையும் ஏனுங்க என்போம், பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் வாங்க கண்ணு என்போம். ஆனால் அப்பா எனக்கு வைத்திருந்தது அதுவல்ல. எனக்கென்று அவரிடம் ஒரு 'டா' இருந்தது. நான் இங்கு வந்த முதல் ஞாயிறு தொலைபேசியில் கேட்டது வேறு குரல்.

"சாப்பிட்டீங்களா தம்பி? குளுரெல்லாம் எப்படீங்க இருக்குது?"

கேலி என்று எண்ணினேன். மறு ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. நான் தூண்டில் போட்டுப் பார்த்தேன். "ஊர்ல இருக்கற மேம்பாலத்தையெல்லாம் இடிச்சுறோணுமுங்கப்பா" என்றேன், வேண்டுமென்றே.

"நீங்க நாலு ஊரு பாத்தவங்க. சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்."

யானைகளை இழுத்தேன், தண்ணீரை இழுத்தேன், தேர்தலை இழுத்தேன். எல்லாவற்றுக்கும் "அதுவுஞ் சரிதானுங்க" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் நான் வென்றேன். வென்றுவிட்டு, இங்கே என் சிறிய அடுப்பில் அரிசிம்பருப்பு சாதம் வைத்து, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் விடுமுறையில் ஊருக்குப் போனபோதும் ஒரு மாலைகூட அப்பா செய்தியின் ஒலியைக் குறைக்கவில்லை; சந்தகைக்கு ஆசைப்பட்டு, அந்த இரும்பு அச்சை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். விமான நிலையச் சோதனையில் அதை மேசைமேல் நிறுத்திவைத்து மூன்று அதிகாரிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். இது எதற்கு என்று கேட்டார்கள். காலைச் சாப்பாட்டுக்கு என்றேன். நம்பவில்லை. அவர்கள் கடைசியில் அனுமதித்த அச்சு இன்றுவரை என் அலமாரியில் நிற்கிறது. தனி ஆளால் காலையும் பிடித்து, கைப்பிடியையும் திருக முடியவில்லை.

தங்கை மைதிலிதான் அதற்குப் பெயர் வைத்தாள். அவள் கல்லூரியில் படிக்கிறாள், வாய் நீளம். "அண்ணா, அப்பா உன்னைய ஒறம்பரையாக்கிப் போட்டாரு. இனி நீ வந்தீன்னா சேர் எடுத்துப் போட்டு, காப்பி குடுத்து, பஸ் ஏத்தி உடறதுதான்" என்றாள். ஒறம்பரை என்றால் எங்கள் ஊரில் விருந்தாளி. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நிலையில்தான் என் நிறுவனம் எனக்கு நிரந்தரப் பணி தர முன்வந்தது. மாத இறுதிக்குள் கையெழுத்திட வேண்டும். அதையொட்டி வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போனேன். எண் அழைக்கப்படும்வரை காத்திருந்து, கண்ணாடிக்கு முன் அமர்ந்தேன். அந்த அம்மையார் அன்பாகத்தான் கேட்டார்: "இங்கேயே இருந்துவிடுகிற எண்ணமா?" எந்தத் தலைப்பிலும் எந்தப் பக்கமும் பேசக்கூடிய நான் வாய் திறக்கவில்லை. எனக்கு மொழி போதவில்லை என்று நினைத்து அவர் அதே கேள்வியை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கேட்டார்.

அன்று அப்பாவிடம் கேட்டேன். "கையெழுத்துப் போடட்டுமாங்கப்பா, வேண்டாமா?"

"உங்க விருப்பமுங்க தம்பி. உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ அதைச் செய்யுங்க."

வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் எதிர்த்து வாதாடியிருப்பேன். போடு என்று சொல்லியிருந்தாலும் வாதாடியிருப்பேன். வாதாடினால்தான் என் மனம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியும். அப்பா என்கிற எதிர்ப்பக்கம் இல்லாமல் அந்தத் தாளில் நான் எப்படிக் கையெழுத்திடுவது?

5

சனிக்கிழமைகளில் இங்கே ஆற்றங்கரையில் பழம்பொருள் சந்தை கூடும். கோப்பைகள், கடிகாரங்கள், யாரோ ஒருவருடைய குழந்தைப்பருவம் என எல்லாம் விரிப்பில் கிடக்கும். அங்கே ஒரு சாம்பல்நிற வீடியோ கேம் பெட்டியைக் கண்டேன். இரண்டு கைப்பிடிகள், ஒரு கேசட்.

காந்திபுரத்தில் அப்பா எனக்கு வாங்கித் தந்ததும் அதே நிறம். நான் பள்ளியில் படித்த காலம். அந்தக் கேசட்டில் இருந்த ஆட்டங்களில் எங்கள் வீட்டுக்கு உகந்தது டாங்கி ஆட்டம் ஒன்றே. திரையின் அடியில் செங்கல்லால் ஒரு சிறு கோட்டை. மேலிருந்து எதிரி டாங்கிகள் வரும். நமக்கு இரண்டு டாங்கிகள். நான் மேலே ஏறி எதிரியைத் தேடிப் போவேன், மின்னும் நட்சத்திரங்களைப் பொறுக்குவேன். அப்பா கோட்டையை விட்டு நகரமாட்டார். கைப்பிடி பழுதானால் பட்டறைக்கு எடுத்துப்போய் ஈயம் வைத்துக் கொண்டுவருவார். உச்சகட்டத்தில் மின்சாரம் போகும். இருட்டில் இருவரும் அரசாங்கத்தைத் திட்டுவோம். அந்த ஒன்றில் மட்டும் நாங்கள் ஒரே பக்கம்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து இணைத்தேன். அதே ஆட்டம் இல்லை, ஆனால் அதன் உறவுக்கார ஆட்டம், கோட்டை இருந்தது. பழக்கத்தில் இருவர் ஆட்டத்தைத் தேர்ந்துவிட்டேன். என் டாங்கி மேலே போயிற்று. இரண்டாவது டாங்கி கோட்டைக்கு அருகில், பிறந்த இடத்திலேயே அசையாமல் நின்றது. எதிரி வந்து அதைச் சுட்டான். திரும்பவும் அதே இடத்தில் தோன்றி, அசையாமல் நின்றது. நான் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டேன்.

மைதிலியை அழைத்துச் சொன்னேன். "அந்தப் பெட்டியத் தூக்கி மூலைல வெய்யண்ணா" என்றாள். "பழைய கேமையெல்லாம் இப்ப லேப்டாப்லயே ஆடலாம். நீ அங்கிருந்து ஒரு டாங்கி, அப்பா இங்கிருந்து ஒரு டாங்கி. டிவில நான் போட்டுத் தாரேன். இத்தன படிச்சு என்ன பிரயோசனம், இது தெரியல உனக்கு?"

6

ஞாயிற்றுக்கிழமை. அங்கே எட்டு மணிச் செய்தி முடிந்த நேரம், இங்கே பிற்பகல். வெளியே மேகமூட்டம். என் அடுப்பில் அரிசிம்பருப்பு சாதம் மூடியிருந்தது. மடிக்கணினியின் ஒரு மூலையில் எங்கள் வீட்டுக் கூடம் தெரிந்தது: அப்பா, மைதிலி, சற்றுத் தள்ளி முக்காலியில் அம்மா. செய்தியில் எந்த நாட்டிலோ விசா விதிகள் மாறப்போவதாக ஓடிக்கொண்டிருந்தது. அது எந்த நாடு என்று பார்க்குமுன் மைதிலி திரையை மாற்றிவிட்டாள்.

"எனக்கு இதெல்லாம் மறந்து போச்சுங்க தம்பி. நீங்க ஆடுங்க, நான் பாக்கறேன்" என்றார் அப்பா.

"ஏனுங்க, புடிங்க அதைய" என்றார் அம்மா, மைதிலி நீட்டிய கைப்பிடியைக் காட்டி. "என்ற கையெல்லாம் வெங்காயம்."

ஆட்டம் தொடங்கியது. முதல் இரண்டு கட்டங்கள் வங்கிக்கு வந்த வாடிக்கையாளர்கள்போல் ஆடினோம். "நீங்க மேல போங்க, நான் கோட்டையப் பாத்துக்கறேனுங்க." "இடதுபக்கம் ஒருத்தன் வாரானுங்க, பாத்துக்குங்க." மூன்றாம் கட்டத்தில், வலதுபக்க உச்சியில் ஒரு நட்சத்திரம் மின்னியது. நான் போனேன். கீழே மூன்று டாங்கிகள் ஒரே நேரத்தில் கோட்டையை நோக்கி இறங்கின.

"தம்பி, வாங்க. கொஞ்சம் கீழ வாங்க. தம்பி... வாங்க தம்பி... டேய்! இக்கட்டால வாடா, இந்தப் பக்கம்!"

என் விரல்கள் நின்றுவிட்டன.

"எங்கீடா போற? அங்க என்னடா வெச்சிருக்குது?"

"நட்சத்திரம் எடுக்கப் போனனுங்கப்பா."

"நட்சத்திரத்தை எடுத்து நாக்குலயா தேய்ப்ப? கோட்டை இங்கிருக்குது, இவன் அங்க நிக்கறான்! ஒருத்தனே எத்தன பக்கண்டா பாக்கறது? போடா இவனே!"

கோட்டை இடிந்தது. மைதிலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கதவு தட்டப்பட்டது.

இங்கே ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது. சுவரில் ஆணி அடித்தாலே குற்றம். எதிர்வீட்டு அம்மையார், ஓய்வுபெற்ற செவிலியர், கவலையோடு நின்றிருந்தார். ஏதாவது சண்டையா, உதவி வேண்டுமா என்று கேட்டார். அவர் மொழியில் நான் வழக்கமாகத் தடுமாறுவேன். அன்று தடுமாறவில்லை.

"ஆமாம்," என்றேன். "கடைசியில் என் அப்பா என்னைத் திட்டுகிறார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திட்டு வாங்கியவன் முகம்போல் அது இருந்திருக்காது.

"யாரு கண்ணு வாசல்ல?" என்று திரையிலிருந்து அம்மா கேட்டார். சொன்னேன். "நிக்க வெச்சுப் பேசறயே, உள்ள வரச்சொல்லு. சோறு ஆக்கி வெச்சிருக்கறீல்ல, ஒரு தட்டு போட்டுக் குடு. நெய் ஊத்து." எனவே அந்த அம்மையார் என் நாற்காலியில் அமர்ந்து, நெய் மணக்கும் சாதத்தைக் கரண்டியால் எடுத்து உண்டபடி, என் குடும்பத்தைப் பார்க்கலானார். உப்பு சரியா என்று கேட்கச் சொன்னார் அம்மா. சரியாம்.

ஆனால் அப்பா கூசிப்போய்விட்டார். "சத்தம் போட்டுப்போட்டேன். அவங்களை மன்னிச்சுக்கச் சொல்லுங்க தம்பி" என்றார். அந்த 'ங்க' திரும்பி வந்துவிட்டது. இனி இன்னோர் ஆண்டு "அதுவுஞ் சரிதானுங்க" கேட்க என்னால் ஆகாது.

"அப்பா, நான் அந்த வேலைக்குக் கையெழுத்துப் போடட்டுமா?" என்றேன்.

"அதான் சொன்னேனுங்களே, உங்க விருப்ப—"

"ஏனுங்க" என்றார் அம்மா. கத்தியை முறத்தில் வைத்தார். "அவன் கேட்டுட்டே இருக்கறான். நீங்க ஏன் பதிலே பேசறதில்ல?"

அப்பா கையிலிருந்த கைப்பிடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நாந்தான் தோத்துட்டேனே" என்றார். "நீதான சந்தகை போட்ட? தோத்ததுக்கப்பறம் ஞாயித்துக்கு ஞாயிறு அதையே பேசிக்கிட்டிருந்தா, அவன் மனசு அங்கயும் நிக்காது, இங்கயும் நிக்காது. எதிர்த்து ஒரு பேச்சு ஆரம்பிச்சா அது அந்தத் தலைப்புலதான வந்து நிக்கும்? அதான் எதுக்குமே எதிர்ப்பேச்சு வேண்டாம்னு இருந்துட்டேன்."

ஒவ்வொரு ஞாயிறும் நான் வென்றதாக எண்ணியது இதைத்தான். அவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு நின்றிருந்தார்.

"நான் போட்ட சந்தகை மொத நாளைக்கு" என்றார் அம்மா. "ரெண்டாம் நாளு எங்க நடந்துச்சு? நான் இன்னும் கடைசித் தீர்ப்பே சொல்லல. அதுக்குள்ள நீங்களாத் தோத்துக்கிட்டா எப்படிங்க?"

என் பக்கத்தில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவின் முகத்தில் மெல்ல ஒரு மாற்றம் வந்தது. பட்டறையில் இரும்பைக் கண்ணருகே தூக்கிப் பார்க்கும்போது வருவது.

"ரெண்டாம் நாளுன்னா பக்கம் மாறோணும்" என்றார். "அப்ப நான் 'போ'ன்னு பேசோணும். நீ 'வா'ன்னு பேசோணும்."

"ஆமாங்கப்பா."

"பேசுவேன்டா. உன்னைய விட நல்லாப் பேசுவேன். நீ பேசுனதெல்லாம் எனக்கு மனப்பாடம்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று, எனக்காக, எனக்கு எதிரே நின்று அவர் பேசப்போகிறார். ஊருக்குத் திரும்புவதே சரி என்று நான் பேச வேண்டும். எந்தத் தலைப்புக்கும் ஐந்து நிமிடம் போதும் என்று மேலே எழுதினேன். இதற்குப் போதாது. இப்போதே தயாராகிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை என் மேலாளரிடம் அவகாசம் கேட்டேன். காரணம் கேட்டார். குடும்பத்தில் ஒரு விவாதம் பாதியில் நிற்கிறது என்றேன். அவர் தை பிறந்து நான் திரும்பும்வரை பொறுப்பதாகச் சொன்னார்.

இனி நீங்கள் சாட்சி. அந்த ஞாயிறு, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அப்பாவின் காதில் விழவேண்டும் என்று, சத்தம் கூடாத அந்த வீட்டில், மேடையில் நிற்பவன்போல் எழுந்து நின்று நான் சொன்ன சொற்கள் இவை:

"பொங்கலுக்கு வாரேனுங்கப்பா. ரெண்டாம் நாள் பேச்சு முடியாம நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன். ஆட்டத்தையும் மொதல்ல இருந்து ஆடுவோம். இந்த வாட்டி நீங்க மேல போய் நட்சத்திரம் எடுங்க. கோட்டைய நான் பாத்துக்கறேன்."